மிதிபலகையில் ஒரே ஒரு தடம்

விபத்து அறிக்கையின் ஒன்பதாவது கட்டத்தில் ஒரு வரி இருந்தது. "ஓட்டுநர் கிளட்சை மிதிக்கவில்லை." ஓட்டுநர் என் அம்மா. அதற்குக் கீழே குடும்பத்தார் கையெழுத்திட ஒரு கோடு. கோட்டின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு அனுப்பியிருந்தார்கள். எங்கே கையெழுத்துப் போடுவது என்றுகூட எங்களுக்குத் தெரியாது என்று நினைத்திருப்பார்கள்.

அம்மா இறந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அப்பா வீட்டின் முன்னறையில் சலூன் வைத்திருப்பவர். அத்தனை நாளும் அவர் கத்திரிக்கோலைத் தொடவில்லை. வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து தாளை இரண்டு முறை படித்தார்.

"அவ காலு மேல பழியைப் போட்டிருக்கான். இந்த வரியை அடிச்சிட்டு வா."

நான் லிஃப்டுகளைப் பரிசோதித்துச் சான்றிதழ் தருபவள். நிற்க வேண்டிய இடத்தில் ஏன் நிற்கவில்லை என்று திறந்து பார்த்து எழுதுவதுதான் என் பிழைப்பு. வண்டியைப் பார்க்காமல் எதையும் அடிக்க மாட்டேன் என்றேன். யாரோ ஒருவர் வீட்டு லிஃப்டைப் பற்றிப் பேசுவது போலப் பேசுகிறாய் என்றார் அப்பா. அவர் சொன்னதில் தப்பில்லை.

சனிக்கிழமை காலை அம்மா வேலை பார்த்த யார்டுக்குப் போனேன்.

அது குடிநீர்த் தேக்கம். ஒன்றரைக் கிலோமீட்டர் மண் கரை. கரை முழுக்கப் புல். புல்லை ஓட்ட வெட்டி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கரை எங்காவது கசிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அதற்காக இரண்டு சின்ன டிராக்டர்கள், அடியில் புல்வெட்டும் கத்தி பொருத்தியவை. ஒன்றாம் நம்பர் நான் பள்ளியில் சேருவதற்கு முன்பே வாங்கியது. அம்மா இருபத்திரண்டு வருடம் ஓட்டியது அதைத்தான்.

களை பிடுங்கத்தான் அம்மாவை வேலைக்கு எடுத்தார்கள். அப்போதிருந்த ஓட்டுநர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, யாருக்கு வண்டி ஓட்ட வரும் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத அம்மா கையைத் தூக்கிவிட்டாள். எந்தத் தைரியத்தில் தூக்கினாய் என்று நான் பின்னாளில் கேட்டேன். "உக்காந்து பாக்கற வேலைன்னாங்க. எனக்கு அது போதும்" என்றாள்.

ஒரு வருடம் மழையில்லாத மாதத்தில் கரையின் நடுவில் ஒரு பாய் அகலத்துக்குப் புல் மட்டும் கூடுதல் பச்சையாக இருந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள். இறங்கி உள்ளங்கையை வைத்துப் பார்த்திருக்கிறாள். சில்லென்று இருந்தது. ஓடிப்போய்ச் சொன்னாள். நான்கு பொறியாளர்கள் வந்து அந்த இடத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் மறைக்கிறது என்று அவளை வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொன்னார்கள். அவள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். நான் ஒருமுறையும் சிரித்ததில்லை.

மேற்பார்வையாளருக்கு யார்டில் 'நாளைக்கு' என்று பெயர். எதைக் கேட்டாலும் முதலில் அந்தச் சொல்தான் வரும். அன்று வரவில்லை.

"தாராளமா பாருங்கம்மா. பாத்துட்டு அப்படியே சரி பண்ணியும் குடுத்துட்டீங்கன்னா பெரிய உதவியா இருக்கும். திங்கக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். ரெண்டாம் நம்பர் ஒண்ணை வச்சு முழுக் கரையும் வெட்ட முடியாது பாருங்க."

அம்மாவைக் கொன்ற வண்டியை மகளே பழுது பார்த்துக் கொடுக்க வேண்டும். இதைக் கேட்க அவருக்குக் கூசவில்லை. சரி என்று சொல்ல எனக்கும் கூசவில்லை. அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் சட்டம் போட்ட ஒரு பாராட்டுச் சான்றிதழ் தொங்கியது. மூன்று ஆண்டுகளில் ஒரே ஒரு பெல்ட் பயன்படுத்தி உதிரிபாகத்தை மிச்சப்படுத்தியதற்காக அம்மாவுக்குக் கொடுத்தது. நிலையத்துக்குப் பெருமை என்று அவரே வாங்கி மாட்டிக்கொண்டாராம். அந்த விருதிலிருந்துதான் அவளுக்குப் பெல்ட்டம்மா என்ற பெயர் வந்தது.

கொட்டகையில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. முன் சக்கரம் கோணியிருந்தது. இருக்கையை மட்டும் கழுவியிருந்தார்கள்.

இரண்டாம் நம்பரை ஓட்டும் நெட்டை மாமா ஜாக்கி எடுத்து வந்தார். அம்மாவை அவர் அக்கா என்று கூப்பிடுவதால் எனக்கு அவர் மாமா. உயரத்தால் வந்த பெயர். கொட்டகைக்குள் எப்போதும் குனிந்தே நடப்பார். அன்று என் முகத்தைப் பார்க்காமலும் நடந்தார்.

வண்டியைத் தூக்கி அடியில் படுத்தேன். முதலில் வந்தது நாற்றம். வெட்டிய புல் எண்ணெயோடு சேர்ந்து அழுகி, கையளவு கனத்துக்கு ஒட்டியிருந்தது. சுரண்டியால் எடுத்தபோது பாளம் பாளமாக முகத்தின் அருகே விழுந்தது. ஒரு பாளத்தின் உள்ளே எலிக்கூடு. வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. இருமுறை வெளியே வந்து காறித் துப்பிவிட்டுப் போனேன். மாதம் ஒருமுறை அடிப்பக்கம் சுத்தம் செய்யப்படும் என்று பராமரிப்புப் பலகையில் எழுதி, மாதாமாதம் சரி என்று டிக் அடித்திருந்தார்கள். சென்ற மாதத்துக்கும் இருந்தது. இந்த மாதத்துக்கும் இருந்தது. இந்த மாதம் வண்டி கரையடியில் கவிழ்ந்து கிடந்தது.

இந்த வண்டியில் கிளட்ச் என்பது ஒரு பெல்ட்தான். எஞ்சின் கப்பியிலிருந்து பின்சக்கரக் கப்பிக்கு ஓடும். ஸ்பிரிங் இழுக்கும் ஒரு சின்னக் கப்பி அதை விறைப்பாக வைத்திருக்கும். மிதியை அழுத்தினால் சின்னக் கப்பி விலகி, பெல்ட் தொய்ந்து, எஞ்சின் தன்பாட்டுக்குச் சுற்றும், வண்டி நகராது. அதே மிதியை இன்னும் அழுத்தினால் பிரேக் பிடிக்கும். முதல் பாதி கிளட்ச், மறுபாதி பிரேக்.

தொய்ந்த பெல்ட் தானாகக் கப்பியை விட்டுவிடாது. அதற்காகக் கப்பியைச் சுற்றி மூன்று இரும்புக் கம்பிகள் நிற்க வேண்டும். தொய்ந்து உப்பும் பெல்ட் அவற்றில் இடித்து, கப்பியை விட்டு எழும்பும். யார்டில் அவற்றுக்கு விரல் என்று பெயர். விரல் இல்லையென்றால் மிதித்த பிறகும் பெல்ட் கப்பியை உரசிக்கொண்டே இருக்கும். வண்டி ஊரும்.

ஒன்றாம் நம்பரில் விரல் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று ஓட்டைகள்தான் இருந்தன. ஓட்டைகளுக்குள் பல வருட அழுக்கு கல்லாகியிருந்தது.

எனக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு விதத்தில் சந்தோஷம்கூட வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

எத்தனை வருடமாக இப்படி என்று நெட்டை மாமாவிடம் கேட்டேன். ஒன்பது வருடம் என்றார். வெளியிலிருந்து பெல்ட் மாற்ற வந்த மெக்கானிக், விரல்களைக் கழற்றி மாட்டுவது தொல்லை என்று கழற்றி எங்கோ போட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா ஸ்டோரில் புதிய விரல் கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஸ்டோரில் ஒரு விதி உண்டு: பழைய பாகத்தைக் கொடுத்தால்தான் புதிய பாகம். பழைய விரல் இல்லை. ஆகவே புதிய விரல் இல்லை. மூன்று முறையும் அதே பதில், அதே கையெழுத்து.

"அப்ப ஸ்டோர்ல விரல் இருக்கா மாமா?"

"இருக்கு. பெட்டியில. அக்கா போய்ப் போய்ப் பாத்துட்டு வருவாங்க."

வண்டிக்கு அடியில் அப்படியே படுத்திருந்தேன்.

பிறகு மிதியின் வழியைப் பார்த்தேன். மிதிபலகையின் அடியில், மிதித்தண்டு கடைசியாக முட்டக்கூடிய இடத்தில், துருவின் நடுவே ஒரு பள்ளம். அரிசி அளவு. உள்ளே இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. புதியது. உடம்பின் எடை முழுவதையும் போட்டு மிதித்தால்தான் அப்படி ஒரு தடம் விழும். அம்மா மிதித்திருக்கிறாள். ஒன்பதாவது கட்டம் பொய்.

டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனபோதுதான் அடுத்தது புரிந்தது. பிரேக் சரியாக இருக்கும் வண்டியில் மிதித்தண்டு அவ்வளவு தூரம் வரவே முடியாது. பிரேக் பிடித்து, பாதியிலேயே நின்றுவிடும். பிரேக் கம்பியைப் பார்த்தேன். இறுக்கும் நட்டு வெகுதூரம் பின்னால் இருந்தது. அது தானாகக் கழன்றதல்ல. பின்னால் இன்னொரு நட்டு வைத்துப் பூட்டு போட்டிருந்தார்கள். சுத்தமான வேலை. அந்த வண்டியிலேயே சுத்தமாக இருந்த ஒரே இடம் அதுதான்.

அந்த ஒரு தடத்தைத் தவிர அங்கே வேறு தடம் இல்லை. பழையது ஒன்றுகூட இல்லை. அத்தனை வருடத்தில் ஒரே ஒரு முறைதான் மிதி அந்த ஆழத்துக்குப் போயிருக்கிறது.

வெளியே வந்து உட்கார்ந்தேன். நெட்டை மாமா கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"பிரேக் நட்டைத் தளர்த்தினது யாரு மாமா?"

"அதை விடும்மா."

"சொல்லுங்க."

"அக்காதான். வேற யாருக்கு அந்தக் கை வரும்?"

மிச்சத்தை அவரே மெதுவாகச் சொன்னார். விரல் இல்லாததால் மிதித்தாலும் பெல்ட் ஓடும். பிரேக் ஒரு பக்கம் பிடிக்க, பெல்ட் மறுபக்கம் இழுக்க, கருகிப் புகை வரும். ஸ்டோரில் வருடத்துக்கு ஒரு பெல்ட்தான். அறுந்தால் வண்டி நிற்கும், வண்டி நின்றால் அவளைத் திரும்பக் களை பிடுங்க அனுப்புவார்கள். ஒரு முறை நான்கு மாதம் அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் அவள் இதைச் சொன்னதில்லை. ஆகவே பிரேக்கைத் தளர்த்திவிட்டாள். நிறுத்த வேண்டுமானால் மிதிப்பதில்லை. முழங்காலால் கியர் லீவரைத் தட்டி நியூட்ரலில் தள்ளிவிடுவாள். சமதரையில் இரண்டடி உருண்டு நின்றுவிடும். சரிவில் நிறுத்தவே கூடாது, கியரிலேயே ஏறி கியரிலேயே இறங்க வேண்டும். இதுதான் அவள் கண்டுபிடித்த முறை.

"எங்களுக்கெல்லாம் அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. ஒரே தட்டு, பஞ்சு மாதிரி நிக்கும். மிதிக்கிறவனைப் பாத்தா சிரிப்பாங்க. ஏன்டா பெல்ட்டைத் திங்கறீங்கன்னு கேப்பாங்க."

விபத்தன்று கரையிறக்கத்தில் கீழே இரண்டு பேர் நீளமான குழாயைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நடந்தார்கள். எஞ்சின் சத்தம் கேட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. நெட்டை மாமா மேலேயிருந்து கத்தியிருக்கிறார். அம்மா மிதித்தாள். நிற்கவில்லை. பழக்கத்தில் முழங்காலால் லீவரைத் தட்டினாள். பிடித்து வைத்திருந்த கியரும் போய்விட்டது. அவர்கள் மேல் ஏறாமல் இருக்க ஸ்டியரிங்கை ஒடித்தாள். சரிவில் குறுக்காகத் திரும்பிய வண்டி கவிழ்ந்தது. குழாய்க்காரர்கள் இருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. ஒருவர் சாவுக்கு வந்திருந்தார். டீ சரியில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

யாரை வெறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மெக்கானிக்கை, ஸ்டோரை, 'நாளைக்கு'வை, குழாய்க்காரரை. அம்மாவையும்தான். நீ என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று அவளை உலுக்கிக் கேட்க வேண்டும் போலிருந்தது. ஊரான் லிஃப்டில் பிரேக் இடைவெளியை அரை மில்லிமீட்டர் பிசகாமல் அளக்கும் நான், இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளாவது யார்டுக்கு வந்து இந்த வண்டியின் அடியில் தலையை விட்டிருக்கிறேனா? இன்ஜினீயரம்மாவுக்கு நேரம் இல்லை என்று அவள் கேலி செய்வாள். நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன்.

அலுவலகத்துக்குப் போய் விரல் வேண்டும் என்றேன். மேற்பார்வையாளர் ஃபோனை எடுத்து ஸ்டோரைக் கூப்பிட்டார். பத்து நிமிடத்தில் ஒரு தகரப் பெட்டி வந்தது. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய மூன்று விரல்கள். பெட்டியின் மேல் ஒன்பது வருடத் தூசி. பழையதை யாரும் கேட்கவில்லை.

"பழசு வேண்டாமா சார்?"

"அவசரத்துக்கு அதெல்லாம் பாக்க முடியுமாம்மா?"

வேலை ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. ஓட்டைகளைச் சுரண்டினேன். விரல்களை மாட்டி, பெல்ட் விறைப்பாக இருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வைத்து இறுக்கினேன். பூட்டைக் கழற்றிப் பிரேக் நட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். எஞ்சினைக் கிளப்பி, கியரைப் போட்டு, மிதித்தேன். கப்பி சுற்றியது, பெல்ட் அசையாமல் நின்றது. பாதி மிதியில் பிரேக் பிடித்தது. ஐம்பது நிமிடம். ஒன்பது வருடத்தில் எந்த ஐம்பது நிமிடமும் இதற்குக் கிடைக்கவில்லை.

நெட்டை மாமாவை இரண்டாம் நம்பரைக் கொண்டுவரச் சொன்னேன். கொட்டகை வாசலில் அவர் முழங்காலால் லீவரைத் தட்டினார். வண்டி இரண்டடி உருண்டு நின்றது. குனிந்து பார்த்தேன். அதிலும் நட்டு பின்னால் இருந்தது. பின்னால் பூட்டு நட்டு. அதே கை.

"பெல்ட் மிச்சமாகும்னு அக்கா எனக்காகப் பண்ணிக் குடுத்தாங்க" என்றார். "மத்த தேக்கத்து ஸ்டேஷன் ஆளுங்களும் வந்து கத்துக்கிட்டுப் போனாங்க. மூணு ஸ்டேஷன்லயும் இப்ப இப்படித்தான்."

அதுவரை நட்டைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாம் என்று எனக்கும் ஓர் எண்ணம் இருந்தது. விரல் இல்லை, மிதித்த தடம் இருக்கிறது. ஒன்பதாவது கட்டத்தை அடிக்க இவ்வளவே போதும். அம்மா பெயர் பளிச்சென்று இருக்கும். திங்கட்கிழமை மூன்று நிலையங்களிலும் கரையில் இறங்குபவர்களுக்குப் பிரேக் இருக்காது.

ஒன்பதாவது கட்டத்தை அடித்துவிட்டு மேலே இப்படி எழுதினேன்: "ஒன்பது ஆண்டுகளாக விரல்கள் இல்லாமல் கிளட்ச் முழுதாக விடாததாலும், அதனால் கருகிய பெல்ட்டுக்கு மாற்று ஆண்டுக்கு ஒன்று மட்டுமே தரப்பட்டதால் ஓட்டுநரே பிரேக் நட்டைத் தளர்த்தி, பிற ஓட்டுநர்களுக்கும் அம்முறையைக் கற்பித்திருந்ததாலும், விபத்தன்று அவர் மிதியைக் கடைசிவரை அழுத்தியும் வண்டி நிற்கவில்லை."

மேற்பார்வையாளர் படித்தார். நடுவில் வந்ததும் முகம் தெளிந்தது.

"பாத்தீங்களா, அவங்களே தளர்த்தியிருக்காங்க. இதை மட்டும் தனியா எழுதிடலாமேம்மா. நீளமா இருக்கு. ரெண்டு வாக்கியமா பிரிச்சா படிக்க நல்லா இருக்கும்."

பிரிக்க முடியாதபடிதான் எழுதியிருக்கிறேன் என்றேன். நகலைத் திங்கட்கிழமை வரவிருந்த இன்ஸ்பெக்டருக்கு ஃபோனில் அனுப்பியாயிற்று என்றும் சொன்னேன். நாளைக்குப் பேசலாம் என்றார்.

மூலத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கோட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் அப்பா. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடிக்கு முதுகைக் காட்டியபடி படித்தார். மிதித்தாள் என்ற இடத்தில் தலையை ஆட்டினார். நட்டு வந்ததும் தாளை மடியில் வைத்துவிட்டார்.

"இது வேணாம்."

மற்ற நிலையங்களைப் பற்றிச் சொன்னேன். வாயால் சொல்லிக்கொள்ளலாம், தாளில் எதற்கு என்றார். வாயால் சொன்னதுதான் ஒன்பது வருடம் நடந்தது என்றேன். செத்தவளை ஏன் மறுபடி சாகடிக்கிறாய் என்று கேட்டார். கைகளில் அழுகிய புல் நாற்றம் போகவில்லை. கழுவப் போனேன். சோப்பு போட்டு மூன்று முறை கழுவினேன்.

திரும்பி வந்தபோது அவர் அப்படியே இருந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நட்டு. பண்ண அன்னைக்கே வந்து சொன்னா. இங்கதான் நின்னா. நான் ஒருத்தருக்குச் சவரம் பண்ணிட்டிருந்தேன். இனிமே பெல்ட் கருகாது பாருங்கன்னா. பிரேக்குக்கு என்ன பண்ணுவேன்னு கேட்டேன். லீவர் எதுக்கு இருக்குன்னா. கெட்டிக்காரிடீன்னேன். அந்த ஆளும் சிரிச்சாரு."

அவர் மடியிலிருந்த தாளை எடுத்தேன்.

"நட்டு இருக்கணும்னா, எனக்கும் தெரியும்னு எழுது. அவ மட்டும் தனியா நிக்க வேணாம்."

"அதுக்குக் கட்டம் இல்லப்பா."

"கட்டத்துக்கு வெளிய எழுது."

ஓரத்தில் எழுதினேன். புருஷனுக்குத் தெரியும், தடுக்கவில்லை. அப்பா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மகள் என்று நானும் போட்டேன். எனக்கு எதுவும் தெரியாது என்பதை எழுத ஓரத்தில் இடம் மிச்சம் இருந்தது. எழுதவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் மூன்று நிலையங்களிலும் புல் வெட்டுவதை நிறுத்தச் சொல்லி, வண்டிகளைத் திறந்து பார்த்தார். மொத்தம் ஏழு. ஒன்றாம் நம்பரையும் நெட்டை மாமாவின் வண்டியையும் நான் ஏற்கெனவே சரிசெய்திருந்தேன். மீதி ஐந்தில் நான்கில் நட்டு தளர்ந்திருந்தது. நான்கிலும் ஒரே அளவு. அம்மா சொல்லிக்கொடுத்ததில் ஒருவரும் அரைச் சுற்றுகூட மாற்றியிருக்கவில்லை.